சூசையம்மாள் அத்தைக்கு அடித்த துக்க மணி

இயேசு மரி சூசை துணை

வடக்குப்பட்டு
20-4-1986, ஞாயிறு

அன்பு மகள் அந்தோணிமேரிக்கும், மாப்பிள்ளை தாமசுக்கும், என் கண்ணான பேத்திக்கும் உன் அம்மா அன்னபுஷ்பம் முத்தம் கொடுத்து எழுதுவது. இந்த வீட்டில் நானும் உன் அத்தையும் இரண்டு பேரும் சுகம். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். காலையில் இரண்டு பேரும் பூசைக்குப் போய்விட்டு வந்து இரண்டு பேரும் இட்டிலி சாப்பிட்டோம். இரண்டு பேரும் இரண்டு பேரும் என்று ஏன் இத்தனை தரம் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். அந்தமானில் நீங்கள் மூன்று பேரும் இதேபோல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு நன்றாக இருக்க மாதா காப்பாற்றட்டும்.

உன் கடிதம் வந்தது. அத்தை இறந்துவிட்டாள் என்று ஒரு தந்தி, மறுநாளே அத்தை இறக்கவில்லை என்று இன்னொரு தந்தி, இதில் எதை நம்புவது, அத்தை இருக்கிறாளா இல்லையா, இருந்தால் அந்தப் புண் என்ன ஆனது என்று அழுது அழுது எழுதியிருந்தாய், எழுத்தெல்லாம் கரைந்துபோய் இருந்தது. உடனே பதில் போடவில்லை என்று அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. அப்போது எழுதியிருந்தால் உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் எழுதியிருப்பேன், இனிமேலும் இருக்குமா என்று எனக்கே தெரியாது. ஈஸ்டர் கழிந்து வாருங்கள், வாயைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும், பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். போன வியாழக்கிழமை போய்விட்டு வந்தோம். இப்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள், எழுத்து மேலும் கீழும் போகும், நிறுத்தி நிறுத்திப் படித்துக்கொள்.

அத்தைக்கு இடது கன்னத்தின் உள்பக்கம், புகையிலை அதக்குகிற இடத்தில் முதலில் புண் வந்தபோது உன் அப்பா அவளைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் புற்றுநோய்க்கு வைக்கிற கரண்டை வைத்துக் கூட்டிவந்தது உனக்குத் தெரியும். கம்பெனியில் ஷிப்டு மாற்றிக்கொண்டு, தூக்கம் இல்லாமல், அக்கா அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவார். அந்தப் புண் ஆறிவிட்டது, அத்தையும் வெற்றிலைப் பெட்டியைக் கொண்டுபோய் ஏரியில் வீசிவிட்டு வந்தாள். பிறகு நம் வீட்டுக்கு அந்த ஆகஸ்டு மாதம் வந்தது. உன் அப்பா கம்பெனிக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். நீ கப்பல் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பொம்பளைகள், ஆளுக்கொரு மூலையில். அவளுக்குப் பிள்ளை இல்லை, புருஷன் எப்போதோ போய்விட்டான், தம்பிதான் எல்லாம். எனக்கு அவள் முகத்தைப் பார்த்தால் அவர் முகம், அதே மூக்கு, அதே புருவம். பார்க்கவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் அத்தை ஒருசந்தி இருக்க ஆரம்பித்தாள். தவக்காலம் வரவே இல்லை, அதற்குள் என்ன ஒருசந்தி அண்ணி என்று கேட்டால், "என் தம்பி ஆத்துமாவுக்கு இருக்கிறேன், உனக்கு இன்னாமே கஷ்டம்" என்பாள். அதற்குமேல் நான் என்ன கேட்பது. பகலில் ஒரு வேளை கஞ்சி, அதுவும் ஆறின கஞ்சி, அவ்வளவுதான். ஒரு நாள் அவளுக்குப் பிடிக்குமே என்று நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். தட்டை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். காலித் தட்டோடு வந்து நல்லா இருந்தது என்றாள். ஆனால் அன்றிலிருந்து நம்முடைய சிவப்புக் கோழி அவள் பின்னாலேயே அலைய ஆரம்பித்தது. அவள் உட்கார்ந்தால் உட்காரும், எழுந்தால் எழும். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் ஒளிந்திருந்து பார்த்தேன். ஒரு வாய் வைத்தாள், காரம் பட்டதும் முகம் அப்படியே சுருங்கிப்போனது, தட்டோடு கோழிக்குக் கவிழ்த்தாள். நேரே போய் வாயைத் திற என்றேன். மாட்டேன் என்றாள். திறக்காவிட்டால் உன் தம்பி மேல் ஆணை என்றேன். திறந்தாள். பழைய இடத்திலேயே வெள்ளையாக, ஓரமெல்லாம் சிவந்து, மறுபடி வந்திருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். "அத்தெ வுடுமே, இட்டுகினு போறவனே போயிட்டான், அவன் கூப்புடுறான், நான் போறேன், உனக்கும் பாரம் கொறையும்" என்றாள். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. அவர் போனதற்கு நான் அழுதேன், இவள் சொன்னதற்கு நான் கத்தினேன். நாளைக்குக் காலையில் முதல் பஸ்ஸுக்கு நீ கிளம்பவில்லை என்றால் நான் இந்த வீட்டில் உலை வைக்க மாட்டேன் என்றேன்.

உன் அப்பா இல்லாமல் நான் ஒரகடம் தாண்டிப் போனவள் இல்லை. அதோடு வருஷம் திரும்பாமல் படி தாண்டக்கூடாது என்று ஊரில் சொல்வார்கள். பஸ்ஸுக்கு நின்றபோது எதிர்வீட்டு அம்சவல்லி, எங்கள் காதில் விழட்டும் என்றே, "புருஷன் போயி வருஷம் கூட ஆவல, கிளம்பிட்டாங்கய்யா பட்டணத்துக்கு" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை விடுவாளா, அந்த வாய் வலியோடு, "யம்மா அம்சவல்லி, அவ சினிமாவுக்கா போறா? என்னை ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறா. நீயும் வேணும்னா வந்து ஏறிக்க, உன் வாயையும் அப்படியே காட்டிடலாம், அதுலயும் இன்னாமோ கோளாறு கீது" என்றாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தாம்பரம் போய் ரயில் மாறி, பிறகு இன்னொரு பஸ் மாறி, ஆளை ஆளைக் கேட்டுப் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டரம்மா நல்லவர், நரைத்த தலை, கோபமே வராது. வாயைப் பார்த்துவிட்டு, சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, அடுத்த வாரம் போனபோது, பழைய நோய்தான் மறுபடி வந்திருக்கிறது, தாடை எலும்பில் ஒரு பக்கத்தையும் கன்னத்தையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்றார். அத்தை உடனே எழுந்துவிட்டாள். "பாதி மூஞ்சியோட நான் மோட்சத்துக்குப் போனா என் தம்பிக்கே அடையாளம் தெரியாது, வேணாம் தாயி, வுட்டுடு" என்றாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை, உட்காருங்கள் என்றார். அப்படியானால் அன்றைக்கு வைத்த மாதிரியே மறுபடி கரண்ட் வைக்கக்கூடாதா என்று நான் கேட்டேன். முடியாதாம். வெளியிலிருந்து வைக்கிற கரண்ட் தோல், எலும்பு எல்லாவற்றிலும் புகுந்துதான் உள்ளே போகிறது, தாங்க வேண்டியதை அந்த இடமெல்லாம் போன தடவையே தாங்கிவிட்டது, இன்னொரு தடவை அதே அளவு கொடுத்தால் எலும்பு பட்டுப்போகும் என்றார். ஆனால் புண் சின்னதாக இருப்பதால் வேறு ஒரு வழி இருக்கிறது, புண் இருக்கிற சதைக்குள்ளேயே மெல்லிய குழாய்களைக் கோத்து, அதற்குள் கரண்ட் உள்ள கம்பியை வைத்துச் சில நாள் விட்டுவைப்போம், அது பக்கத்தில் இருப்பதை மட்டும் சுடும், தூரத்தில் போகாது என்றார். எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. வயல் முழுக்கத் தண்ணீர் பாய்ச்சாமல் ஒரு செடியின் வேரில் மட்டும் செம்பால் ஊற்றுகிற மாதிரி. அதையே டாக்டரம்மாவிடம் சொன்னேன், ஆமாம் அதேதான் என்றார். ஆனாலும் மறைக்காமல் சொல்லிவிட்டார், ஒரு தடவை கரண்ட் பட்ட இடத்தில் மறுபடி வைப்பது லேசான காரியம் இல்லை, புண் ஆற நாளாகும், ஆறாமலும் போகலாம், நோய் முழுக்கப் போய்விடும் என்று இப்போதே என்னால் சொல்ல முடியாது, ஈஸ்டர் கழிந்துதான் தெரியும் என்று. அத்தை என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தை, இல்லை உன் அப்பா முகத்தைப் பார்த்தேன். "சரி, இவ வுட மாட்டா, எங்க ரேகை வெக்கணும்" என்றாள்.

மயக்கம் கொடுத்து, துணி தைக்கிற மாதிரி கன்னத்தில் குழாய்களைக் கோத்துக்கொண்டு வந்தார்கள். மூக்கில் ஒரு குழாய், அது வழியாகத்தான் பால். தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு தனி அறை. அங்கே கொண்டுபோய்க் கம்பிகளை வைத்தபிறகு யாரும் பக்கத்தில் போகக்கூடாது, நான்கூட. நர்சம்மாவே சக்கரம் வைத்த ஈயப் பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டு குனிந்து குனிந்து வேலையை முடித்துவிட்டு ஓடி வந்துவிடுவார். கதவுக்கு வெளியே தரையில் ஒரு மஞ்சள் கோடு. அந்தக் கோட்டுக்கு இந்தப்பக்கம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லாக் கூத்தும் நடந்தது, கவனமாகப் படி.

குழாய்கள் அசையாமல் இருக்க, தாடைக்குக் கீழே கொடுத்துத் தலை உச்சியில் கொண்டுவந்து வெள்ளைத்துணியால் கட்டியிருந்தார்கள். நம் பக்கம் உயிர் போனதும் வாய் திறந்துகொள்ளாமல் இருக்க முதல் வேலையாகத் தாடையைச் சேர்த்து வெள்ளைத்துணியால் கட்டுவார்களே, அச்சு அசல் அப்படி. நான் கோட்டில் நின்று பார்த்தபோது அத்தை கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். மகளே, உன் அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது எப்படி இருந்தாரோ அதே முகம், அதே கட்டு.  அவர் போனபோது வீடு நிறைய ஆட்கள், யாரோ பிடிக்க யாரோ தண்ணீர் கொடுக்க, சரியாக அழக்கூட விடவில்லை. அங்கே என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அந்தத் தாழ்வாரத்திலேயே தரையில் உட்கார்ந்து, கொண்டை அவிழ்ந்ததுகூடத் தெரியாமல், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அத்தனை மாதத்து அழுகையையும் அழுதேன்.

நம்ம ஊர் நடேசன் கத்திரிக்காய் மூட்டை கொண்டு பட்டணத்துக்கு வருகிறவன், வந்த வழியில் அக்காவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நல்ல மனசோடு வந்திருக்கிறான். தூரத்திலிருந்து பார்த்தவனுக்கு அறைக்குள்ளே தாடைக்கட்டோடு அத்தை, அறைக்கு வெளியே தலைவிரித்து அழுதுகொண்டு நான். பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கொண்டுவந்த கொய்யாப்பழப் பையை அங்கேயே வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடித்துவிட்டான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது பைதான் இருந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நர்சம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அவன் ஊருக்குள் கால் வைத்ததும், "சூசையம்மாக்கா போயிட்டாங்கோ, தாடைகூட கட்டியாச்சு, நான் என் கண்ணால பார்த்துட்டு வரேன்" என்று சொல்லியிருக்கிறான். அதற்குமேல் யாருக்குச் சாட்சி வேண்டும். கோயில் மணி அடிக்கிற உன் ஒன்றுவிட்ட பெரியப்பா மகன் சின்னப்பராஜ் ஓடிப்போய்த் துக்க மணி அடித்தான். கல்லறையில் குழி வெட்டியாகிவிட்டது. வாசலில் பந்தல். உனக்கு முதல் தந்தியும் அவன் கொடுத்ததுதான், பொறுப்பான பிள்ளை, ஒன்றையும் விடமாட்டான். அம்சவல்லிகூட அழுதாளாம், என்னை ஏசின வாய் இப்படி மூடிப்போச்சே என்று. சாயங்காலம் வரை பாடி வரும் வரும் என்று பார்த்துவிட்டு, வராமல் போகவே, தனியாக அன்னபுஷ்பம் என்ன செய்கிறாளோ என்று மறுநாள் காலையில் மெட்டடோர் வேன் பேசிக்கொண்டு, ரோஜாமாலையோடு, ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் ஆஸ்பத்திரியில் வந்து இறங்கிவிட்டது.

நான் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒப்பாரிச் சத்தம் கேட்டது. யார் வீட்டுத் துக்கமோ பாவம் என்று மனசுக்குள் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், நம்ம ஊர்க் குரல்கள். சின்னப்பராஜ் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கட்டிக்கொண்டு, "சித்தி, அத்தையும் போயிடுச்சே" என்று அழுகிறான். எனக்கு உயிரே போய்விட்டது. நான் முகம் கழுவ வந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் போய்விட்டாளா, எனக்கு முன்னால் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று மாடிப்படியில் ஓடினேன். பின்னாலேயே மொத்தக் கூட்டமும் அழுதுகொண்டு ஓடி வருகிறது. அந்த மலையாளத்து நர்சம்மா இரண்டு கையையும் விரித்து மறித்து, "ஆரு மரிச்சது இவிடே? அம்மச்சி இப்போ பால் குடிச்சல்லோ!" என்றார்.

மஞ்சள் கோட்டில் வரிசையாக நின்று எட்டிப் பார்த்தார்கள். அத்தை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கண்ணையும் திறந்து, இவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.  நடேசன் மட்டும் முழங்கால் போட்டுச் சிலுவை போட்டான், அவன் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவன். அத்தையால் பேச முடியாது. ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். பிறகு சின்னப்பராஜைப் பார்த்து, ஒரு கையைத் தூக்கி மணிக்கயிறு இழுக்கிற மாதிரி இழுத்துக் காட்டி, அடிச்சியா என்று புருவத்தால் கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். கீழே குனிந்து மண்வெட்டி போடுகிற மாதிரி காட்டினாள். அதற்கும் ஆட்டினான். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவள் தோள் இரண்டும் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று பயந்தேன். சிரிக்கிறாள்! வாய் அசையாமல், கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்ற, உடம்பு மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். நர்சம்மா பலகைக்குப் பின்னாலிருந்து, "அம்மச்சி, சிரிக்கக் கூடாது கேட்டோ, டியூப் நகரும்!" என்று கத்துகிறார். அதைக் கேட்டு நாங்கள் எல்லாரும் சிரிக்க, கடைசியில் நர்சம்மாவும் சிரிக்க, சாவுக்கு வந்த கூட்டம் அந்தத் தாழ்வாரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. உன் அப்பா போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துவிட்டேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் அடக்க முடியவில்லை மகளே. மாலையை வீணாக்காமல் கீழே கோயில் அறையில் மாதாவுக்குப் போட்டுவிட்டு, ஒரகடம் தபாலாபீசில் இறங்கி உனக்கு இரண்டாவது தந்தியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். கம்பியும் குழாயும் எடுத்து வீட்டுக்கு வந்தபோது நன்றாகத்தான் இருந்தாள். கொஞ்ச நாள் போனதும் கன்னத்தின் உள்ளே முழுக்க வெந்ததுபோல் வெள்ளையாகி, தண்ணீர் பட்டாலே துடித்தாள். டாக்டரம்மா முன்னமே சொல்லியிருந்தார், கம்பி எடுத்த பிறகுதான் புண் அதிகமாகும், பயப்படாதீர்கள் என்று. சொல்லிவிட்டால் பயம் போய்விடுமா. உப்பு, சோடா மாவு போட்ட தண்ணீரில் வாய் கொப்பளித்து, ஆறின கேழ்வரகுக் கஞ்சியைக் கரண்டியின் நுனியில் ஊற்றி ஊற்றித் தவக்காலத்தைக் கழித்தோம். அவள் நிஜமாகவே ஒருசந்தி இருந்த மாதிரி ஆகிவிட்டது. இது ஆறுகிற புண்ணா, பழைய புண்ணா என்று தினமும் வெயிலில் உட்காரவைத்துப் பார்ப்பேன், எனக்கு ஒன்றும் விளங்காது. பேசாமலே இருந்தாள். இத்தனை வருஷம் அவள் பேச்சால் எனக்குத் தலைவலி வந்தது போய், அவள் பேசாததால் தலைவலி வந்தது.

பெரிய வியாழனுக்கு முந்தின நாள் சின்னப்பராஜ் பார்க்க வந்தான். கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்த அத்தை அவனைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள், வாயைத் திறந்தாள், அத்தனை வாரம் கழித்து வந்த முதல் பேச்சு என்ன தெரியுமா, "ஏன்டா, எங்க வெட்டுனீங்க?" என்றாள். அவனுக்குப் புரியவில்லை. "குழிடா, குழி. எங்க வெட்டுனீங்க?" அவன் தயங்கித் தயங்கி, மதில் ஓரமாக, வேப்பமரத்துப் பக்கம் என்றான். "மதிலாண்ட! என் தம்பி பக்கத்துல அவ்ளோ எடம் கீது, என்னை மதிலாண்ட போட பார்த்தியா? நான் இன்னா ஊரு பேரு தெரியாதவளா?" என்று பிடித்துக்கொண்டாள். வார்த்தை கொஞ்சம் குழறியது, ஆனால் ஒன்றும் விடாமல் திட்டினாள். வெட்டிய குழியை வெறுமனே மூடக்கூடாது என்று வாழைத்தண்டு வைத்து மூடியிருக்கிறார்கள், அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, "அந்த வாழைத்தண்டுக்காச்சும் யாராச்சும் அழுதீங்களா, இல்ல அப்படியே வந்துட்டீங்களா?" என்றாள். அவன் திட்டு வாங்கிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான். அன்றைக்கு நான் வெல்லம் போட்டுப் பாயசம் வைத்தேன், பெரிய வாரத்தில் பாயசமா என்று கேட்டால் கேட்கட்டும்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். போகிற வழி முழுக்க, செபமாலை என் கையில், அவள் கை என் மடியில். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார், சின்னக் கண்ணாடி வைத்துப் பார்த்தார், விரலை உள்ளே விட்டு அழுத்தி அழுத்திப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார்.  பிறகு கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "அம்மா, அந்த இடத்தில் இப்போது எனக்கு நோய் எதுவும் தெரியவில்லை. தழும்பு மட்டும்தான் இருக்கிறது. எலும்பும் நன்றாக இருக்கிறது" என்றார். மாதாமாதம் வந்து காட்ட வேண்டும், அதை விடக்கூடாது, நோய் மறுபடி வந்தால் சீக்கிரம் பார்த்துவிடலாம் என்றும் சொன்னார். வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது, அதற்கு ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்துத் தினமும் பழக்க வேண்டும் என்று செய்து காட்டினார். அத்தை, "நல்லா பார்த்துட்டியா தாயி, இன்னொரு வாட்டி வேணா பாரு, இவ வூட்ல வந்து என்னைக் கேள்வி கேட்டே சாவடிப்பா" என்றாள். நான் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

தாம்பரத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது அத்தை ரோஸ்மில்க் வேண்டும் என்றாள். சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையாலும் கிளாசைப் பிடித்துக்கொண்டு இந்தப்பக்கம் ஒரு சொட்டு ஒழுகாமல் குடித்தாள். அவள் வாயில் ரோஜா நிறம். பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னாமே சிரிக்கிற என்றாள். ஒன்றும் இல்லை அண்ணி, சிரிக்கிறேனே என்று ஒரு மாதிரி இருக்கிறது, வருஷம்கூடத் திரும்பவில்லை என்றேன். "சிரிமே. அவன் இருந்தா நம்மளைவிட பெருசா சிரிச்சிருப்பான். அவன் பங்கையும் சேர்த்து சிரி" என்றாள்.

ஊர் விசேஷம் கேட்டிருந்தாய். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் பெட்டை. வல்லம் பக்கம் யாரோ நிலம் அளக்க வந்து போகிறார்கள், கம்பெனி வரும் என்கிறார்கள், வராது என்றும் சொல்கிறார்கள். அம்சவல்லி மகளுக்கு வரன் வந்திருக்கிறது, அவளே வந்து அத்தையைத்தான் முன்னால் நின்று பேசிமுடிக்க வேண்டும் என்று கூப்பிட்டுவிட்டுப் போனாள், அத்தையும் அந்த வாய்க் கோளாறுக்காரி வீட்டுக்கா என்று சொல்லிக்கொண்டே புடவையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். பேத்திக்கு இரண்டு கவுன் தைத்து வைத்திருக்கிறேன், மாங்காய் ஊறுகாயோடு கப்பலில் வருகிறவர்கள் யாராவது இருந்தால் அனுப்புகிறேன். பிள்ளையை மழையில் விடாதே.

இன்னொன்று. முதல் தந்தியை நம்பி அங்கே கோயிலில் அத்தை பேரில் இறந்தவர்களுக்கான பாடல் பூசை வைத்துவிட்டேன், இப்போது அதற்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். அந்த இடத்தை மட்டும் அத்தைக்குப் படிக்காமல் வைத்திருந்தேன், மனசு சங்கடப்படுமோ என்று. நேற்றுதான் படித்தேன். ஒரே சந்தோஷம். "அந்தமான்ல எனக்குப் பூசையா! பேரு சொல்லிப் படிச்சாங்களா? சூசையம்மாள்னு நல்லா படிச்சாங்களாமா? பாட்டுல்லாம் பாடுனாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.  கோழியை ஓட்டினாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "அவளுக்கு எழுதுமே. அந்தப் பூசை வீணாப் போவக்கூடாது. சாமியார்கிட்ட சொல்லி அதை என் தம்பி பேர்ல மாத்திடச் சொல்லு. எனக்கு அப்பால வெச்சுக்கலாம். எனக்கு இன்னா இப்போ அவசரம்" என்றாள். அவசரம் இல்லை என்று உன் அத்தை தன் வாயால் சொன்னாள் மகளே, அந்த வாயால்தான் சொன்னாள். அதனால் இந்தக் கடிதம் கண்ட மறுநாளே சாமியாரிடம் போய், பெரியநாயகம் என்று அப்பா பேரைச் சொல்லி மாற்றிக்கொடுத்துவிடு.

மாதாவின் ஆசீரும் உன் அப்பாவின் ஆசீரும் உங்கள் மூன்று பேர் தலைமேலும் எப்போதும் இருக்கட்டும். ஞாபகமாக ஒன்று, மாப்பிள்ளை வேலை நேரத்தில் ஜர்தா பாக்கு போடுகிறார் என்று நீ போன கடிதத்தில் விளையாட்டாக எழுதியிருந்தாய். அத்தை சொல்கிறாள், இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்து அவரையே சத்தமாகப் படிக்கச் சொல்ல வேண்டுமாம், படித்து முடித்ததும் பொட்டலத்தைக் கடலில் போட வேண்டுமாம், போட்டாரா இல்லையா என்று நீ பதில் எழுத வேண்டுமாம். எழுதாவிட்டால் அவளே கப்பல் ஏறி வந்துவிடுவாள், வரக்கூடியவள்தான்.

இப்படிக்கு உன் அம்மா
பெ. அன்னபுஷ்பம்

பக்கத்தில் இருக்கிற மைரேகை உன் அத்தை சூசையம்மாள் தானே வைத்தது, உயிரோடு இருப்பதற்குச் சாட்சியாக.